கட்டைவிரல் அளவுக் குப்பிகள்

"பெரியதெல்லாம் நிரப்பறேன் தாயே. இந்தச் சின்னதை மட்டும் நிரப்ப மாட்டேன்."

அலரி கூடையைத் தன் முன்னாலிருந்து தள்ளிவைத்தாள். கூடை நிறைய மண்குப்பிகள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. வயிறு உருண்டை. கழுத்து, ஒரு நெல்மணி நுழையும் அகலம்.

சேந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரி," என்றாள்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லணும்னு இருந்தா சொல்லு."

அது எண்ணெய் வீடு. ஊருக்கும் உப்பளத்துக்கும் நடுவில், தாழிக்காட்டின் ஓரத்தில் இருந்தது. அந்தத் துறைமுக ஊரில் இறந்தவர்களைத் தாழிக்குள் வைத்துப் புதைப்பார்கள். போகிறவர் கையில் வாசனை எண்ணெய் நிரம்பிய ஒரு மண்குப்பி இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு உள்ளங்கை அளவு. பிள்ளைகளுக்குக் கட்டைவிரல் அளவு.

நிரப்பித் தருவது அந்த வீட்டுப் பெண்களின் வேலை.

புது மண் எண்ணெய் குடிக்கும். இன்று வாய்வரை ஊற்றினால் நாளை பாதிதான் இருக்கும். மறுபடி ஊற்ற வேண்டும். மூன்று நாள் ஊற்றி ஊற்றி மண்ணின் தாகம் அடங்கிய பிறகு, நான்காம் நாள் நிரப்பி மெழுகு வைக்கலாம்.

அதனால் எந்தக் குப்பியும் சாவு விழுந்த பிறகு நிரப்பப்படுவதில்லை. முன்பே நிரம்பிக் காத்திருக்கிறது.

அதுதான் அலரியால் முடியவில்லை.

"இதுல நான் எண்ணெய் ஊத்தறப்போ அந்தப் பிள்ளை எங்கேயோ பால் குடிச்சிட்டிருக்கு தாயே. சிரிச்சிட்டிருக்கு. நான் இங்கே உக்காந்து அதோட சாவைத் தயார் பண்றேன்."

"ஆமாம்."

"யார் வீட்டுப் பிள்ளைன்னுகூடத் தெரியாது."

"தெரியாது."

"என் பிள்ளையா இருந்தா?"

சேந்தி மெழுகை உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டி முடித்து இலையில் வைத்தாள்.

"இருக்கலாம்," என்றாள்.

அலரி இரண்டு முறை அந்த வீட்டு வாசலுக்கு வந்து சின்னக் குப்பி வாங்கிப் போனவள். முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது எட்டு மாதம். மூன்றாவது பெண். கிள்ளை என்று பெயர். இப்போது ஏழு மாதம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன.

அவள் கணவன் மரக்கலம் ஏறிப் போனவன். போனதோடு சரி.

மூன்று மாதங்களுக்கு முன்பு கிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். பிணங்களைத் தொட்டு எண்ணெய் தடவும்போது சேந்தியின் கை நடுங்குவதே இல்லை என்று ஊரில் சொன்னார்கள். அந்தக் கையைப் பார்க்கத்தான் வந்தாள்.

"என் பயத்தை எடுத்துடுங்க தாயே," என்று அன்றைக்குக் கேட்டாள். "பிள்ளை தூங்கினா மூக்குக்கிட்ட விரலை வச்சுப் பாக்கறேன். மூச்சு வருது. கையை எடுத்த உடனே வரலையோன்னு தோணுது. மறுபடி வைக்கறேன். இப்படியே பொழுது விடிஞ்சுடுது. எனக்கு வேறே ஒண்ணும் வேண்டாம். இந்தப் பயம் மட்டும் போனாப் போதும்."

சேந்தி ஒரு துடைப்பத்தை நீட்டினாள்.

"உள்ளே எண்ணெய் சிந்தியிருக்கு. மணல் போட்டுப் பெருக்கு."

அப்படித்தான் அலரி சிஷ்யை ஆனாள். கேள்விக்குப் பதில் வரவில்லை. வேலை வந்துகொண்டே இருந்தது.

இப்போது கொப்பரை அடுப்பருகே இருந்த கொற்றி அகப்பையோடு எழுந்து சேந்தியிடம் வந்தாள். எண்ணெய் காய்ச்சுகிறவள் அவள். நல்லெண்ணெயில் வெட்டிவேரையும் அகிலையும் போட்டுக் கிண்டிக் கிண்டித் தோள் இரண்டும் உலக்கை மாதிரி ஆனவள். வாயும் அதற்கேற்ற வாய்.

"தாயே தாயேன்னு குழையறாளே, உன்னைவிட ரெண்டு வயசு மூத்தவ. அந்த மரியாதையை வேலையில காட்டச் சொல்லு."

"சொல்லிட்டா. நிரப்ப மாட்டாளாம்."

"நிரப்ப மாட்டாளா? சித்திரை பொறந்தாச்சு. கிணறெல்லாம் கலங்கிப் போச்சு. பிள்ளைங்களுக்கு வயிறு போற காலம் இது. நிரம்பினதுல பலகையில எத்தனை சின்னது இருக்கு தெரியுமா? பதினொண்ணு."

"எண்ணத் தெரியுது உனக்கு," என்றாள் சேந்தி. "நல்லது."

"விளையாடாதே. நீயாவது நிரப்பு. இல்லே நான் நிரப்பறேன்."

"சின்னக் குப்பி அலரியோட வேலை. அவ வேலையில யாரும் கை வைக்க வேண்டாம்."

கொற்றி அலரியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மாடி, எமன் உன் கூடையைப் பாத்துட்டுத்தான் கிளம்பறான்னு நினைச்சியா? 'அடடா, குப்பி தயாராகலையாம், திரும்பிப் போறேன்'னு போயிடுவானா?"

அலரி கூடையை இன்னும் தள்ளிவைத்தாள். கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பதினொன்று எட்டாயிற்று. எட்டு ஐந்தாயிற்று.

வாசலில் யாராவது வந்து நின்றால் கொற்றிதான் போவாள். பலகையிலிருந்து எடுத்துக் கொடுப்பாள். அலரி கொப்பரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு கிள்ளையின் காதுகளைப் பொத்துவாள். வந்தவளின் அழுகை பிள்ளைக்குள் போய்விடக் கூடாது. கிள்ளைக்கு அது விளையாட்டு. அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து ஈறால் கடிப்பாள்.

ஐந்து இரண்டாயிற்று. இரண்டும் ஒரே நாளில், ஒரே வீட்டுக்குப் போயின.

பலகை காலி.

அன்றைக்குக் கொற்றி சாப்பிடவில்லை. சேந்தி எப்போதும் போலச் சாப்பிட்டாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பிறகு ஒரு மீனவக் கிழவருக்கும், படகு கவிழ்ந்த ஒருவனுக்கும் பெரிய குப்பிகள் போயின. சின்னதைக் கேட்டு யாரும் வரவில்லை.

ஒன்பதாம் நாள் அலரி, சேந்தியின் எதிரே வந்து உட்கார்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு முகத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தது.

"பாத்தீங்களா தாயே?"

"பாத்தேன்."

"பலகை காலியாகி ஒன்பது நாள். ஒரு பிள்ளை சாகலை."

"ஆமாம்."

"நாம நிரப்பி வைக்கறதாலதான் அதுங்க போகுது. நான் சொன்னேன் இல்லே?"

"சொன்னே."

"கொற்றிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. குயவர்கிட்டயும். இனிமே சின்னது செய்யவே வேண்டாம்னு."

சேந்தி அவள் கண்களைப் பார்த்தாள்.

"நேத்து தூங்கினியா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

"நல்லது. இன்னிக்கும் தூங்கு."

பத்தாம் நாள், உச்சிவெயிலில், ஒரு பெண் வந்தாள்.

உப்பளத்துப் பெண். கால் இரண்டும் உப்புப் பூத்து வெடித்திருந்தன. இடுப்பில் ஒரு துணிமூட்டை. பிள்ளையை வைத்திருப்பது போலவே வைத்திருந்தாள். உடம்பைச் சற்றே சாய்த்து, ஒரு கையை அதன் முதுகுக்குக் கொடுத்து.

"சின்னது ஒண்ணு வேணும்," என்றாள். "பேரு கோவன். ஒன்பது மாசம்."

கொற்றி பலகையைப் பார்த்தாள். பிறகு அலரியைப் பார்த்தாள்.

சேந்தி வெளியே வந்தாள்.

"உக்காரு. பொழுது சாயறதுக்குள்ள தாழி மூடணுமா?"

"ஆமாம். அவரு குழி வெட்டிட்டிருக்காரு."

"அலரி," என்றாள் சேந்தி. "சின்னது ஒண்ணு."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கால்மாட்டில் உட்கார்ந்து, வெடிப்புகளில் ஏறியிருந்த உப்பைக் கழுவத் தொடங்கினாள்.

அலரி கூடைக்கு ஓடினாள்.

ஒரு குப்பியை எடுத்தாள். கழுத்தில் ஈர்க்கை நட்டு, அதன்மேல் எண்ணெயை நூல் போல விட்டாள். ஈர்க்கு வழியே இறங்கி நிரம்பியது. வாய்வரை வந்தது. மெழுகை எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்க்கும்போது எண்ணெய் கழுத்துக்குக் கீழே போயிருந்தது.

மறுபடி ஊற்றினாள். மறுபடி இறங்கியது.

குப்பியின் வெளிப்புறம் வேர்த்தது. அவள் விரலெல்லாம் வழுக்கியது. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதுவும் குடித்தது. இன்னொன்று. அதுவும்.

குறைக்குப்பியோடு போன பிள்ளைக்கு வழியில் தாகம் எடுக்கும், தாகத்தோடு தாயின் வாசலுக்கே திரும்பி வந்து அழும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. எவ்வளவு அவசரமானாலும் குறைக்குப்பி யார் கையிலும் கொடுப்பதில்லை.

கொற்றி சேந்தியிடம் குனிந்தாள்.

"பெரியது ஒண்ணைக் கொடுத்துடலாமா?"

அந்தப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது.

"பெரியது வேண்டாம்மா. பிள்ளைக்குப் பெரியதை வச்சா வீட்டுல ஒரு பெரிய உசுரு பின்னாலேயே போயிடும். அவரு ஒருத்தர்தான் மிச்சம்."

கொற்றி தலை குனிந்தாள்.

அந்தப் பெண் உள்ளே எட்டி அலரியைப் பார்த்தாள்.

"பதறாதே பொண்ணே. மெதுவாவே ஊத்து. எனக்கு இனிமே என்ன அவசரம்?"

அலரியின் கையிலிருந்த குப்பி விழுந்து உடைந்தது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று அந்தப் பெண் சேந்தியிடம் கேட்டாள். குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மாசமா இவன் மூச்சு இழுக்கறதையே கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லே. இன்னிக்குக் காலையில போயிட்டான். பக்கத்துல படுத்தேன் பாரு, அப்படியே தூங்கிட்டேன். அவரு வந்து தட்டி எழுப்பினாரு."

அதை அவள் வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

வெயில் வாசற்படியை விட்டு இறங்கத் தொடங்கியது.

கூடையில் இருந்த எதிலும் எண்ணெய் நிற்கவில்லை. அலரிக்கு அது தெரிந்துபோயிற்று. மண்ணின் தாகம் அடங்கிய சின்னக் குப்பி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது அவள் இடுப்பில் இருந்தது.

அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு உச்சியில் எண்ணெய் வைக்கவும் அதே அளவுக் குப்பிதான். அதே குயவர், அதே மண், அதே எண்ணெய். குப்பியின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருக்கும், அது ஒன்றுதான் வித்தியாசம். பிள்ளை நடக்கும்வரை தாய் அதை இடுப்பிலிருந்து அவிழ்ப்பதில்லை.

அலரி, சேந்தியைப் பார்த்தாள். சேந்தி தலையைத் தூக்கவில்லை. மற்றக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தாயே."

"ம்."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு."

"தெரியும்."

"கொடுக்கச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

உள்ளே தூளியில் கிள்ளை புரண்டாள். தூளிக்கயிறு கிறீச்சிட்டது.

அலரி இடுப்பு முடிச்சில் கை வைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. செருகியிருந்த துணி முனையை வாய்வரை இழுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். குப்பியில் இருந்த எண்ணெய்க்கு மேல் புது எண்ணெய் விட்டாள். வாய்வரை வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். இறங்கவில்லை.

மெழுகு வைத்து அழுத்தினாள். வாசலுக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் கொடுத்தாள்.

அந்தப் பெண் வாங்கினாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் கறுப்புக் கயிறு இருந்தது.

"இது உசுரோட இருக்கிற பிள்ளையோட குப்பி இல்லே?"

கயிற்றை விரலால் நெருடினாள்.

"யாரு பிள்ளை?"

கொற்றி, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள்.

"என் பொண்ணு," என்றாள் அலரி.

"இருக்காளா?"

"உள்ளே தூங்கறா."

அந்தப் பெண் குப்பியைத் திருப்பி நீட்டினாள்.

"பிடி. இதை நான் குழியில போட மாட்டேன்."

"அப்போ உங்க பிள்ளைக்கு..."

"குறையோட இருக்குதே, அதுல ஒண்ணைக் கொடு. தாகத்தோட திரும்பி வந்தான்னா வரட்டும். நான் பாத்துக்கறேன்." அவள் தன் மார்பைப் பார்த்தாள். துணி நனைந்திருந்தது. "பால் இன்னும் வத்தலை."

அலரியின் கை குப்பியை நோக்கி நீண்டது. உண்மையிலேயே நீண்டது. விரல் நுனி அதன் வயிற்றில் பட்டும்விட்டது. எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டு ஓடவில்லை. மண்டியிட்டாள். மூட்டையின் துணியை விலக்கினாள். கோவனின் வலது கையைத் தேடி வெளியே எடுத்தாள். குளிர்ந்திருந்தது. விரல்கள் விறைத்துப் போயிருந்தன. உள்ளங்கையில் குப்பியை வைத்தாள். நழுவியது. மறுபடி வைத்தாள். விரல்கள் மூடவில்லை.

குப்பியின் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். குப்பியையும் அந்தச் சின்ன விரல்களையும் சேர்த்து, ஐந்து சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

அந்தப் பெண் அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

"நல்லாக் கட்டறே," என்றாள்.

பிறகு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். கொற்றி கூடவே நடந்தாள். தாழிக்காட்டுப் பாதையில் இரண்டு பேரும் சிறியதாகிப் போனார்கள்.

வாசலில் அழுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. சேந்தி அதன்மேல் மணலைத் தள்ளினாள்.

"நிரப்பாம விட்டது நீ," என்றாள். "உன்னை உன் போக்குல விட்டது நான். ரெண்டு பேரும் அவ காலைத் தொட்டிருக்கணும். நான் தொட்டேன். நீ பிள்ளையோட கையைத் தொட்டே. போதுமான்னு தெரியலை."

அலரிக்கு அது காதில் விழவில்லை. உள்ளே ஓடினாள். தூளியை விலக்கி, கிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு வந்தது. கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். வாரி எடுத்து மார்போடு இறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை தூக்கம் கலைந்து சிணுங்கியது.

"என் பொண்ணோட குப்பி குழிக்குள்ள போயிடுச்சு," என்றாள். "இனிமே இவளுக்கு ஏதாவது ஆனா?"

"ஆகலாம்."

"ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரியாதே."

"மூணு மாசம் பெருக்கினேன். துடைச்சேன். பிணத்தைப் புரட்டினேன். பயம் போகணும்னுதான் இங்கே வந்தேன். நீங்க அதை ரெண்டு மடங்கா ஆக்கிட்டீங்க. பாருங்க, கை நிக்க மாட்டேங்குது. பாருங்க!"

சேந்தி பார்த்தாள். கை நடுங்கியது. அதோடு சேர்ந்து கிள்ளையின் தலைமயிரும் நடுங்கியது.

"இப்போ வந்தாளே அந்தப் பொண்ணு," என்றாள் சேந்தி. "அவ கை நடுங்கிச்சா?"

அலரி யோசித்தாள். சொம்பை வாங்கிய கை. குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்த கை.

"இல்லே."

"முகத்துல பயம் இருந்துச்சா?"

அலரி பாதையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

"இல்லே தாயே."

"ஒரு துளி?"

"ஒரு துளிகூட இல்லே."

"அதைத்தான் மூணு மாசமா நீ என்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கே," என்றாள் சேந்தி.